2017 ஐ5 கம்ப்யூட்டருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு சரியாக வரும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்களிடம் இருப்பது 2017-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5 7400 ப்ராசசர், எச்110 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு, கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி), 1080பி மானிட்டர். கையில் 25,000 ரூபாய். நண்பர் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கச் சொல்கிறார், கடைக்காரர் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போதும் என்கிறார். வேலரன்ட் ஆடும்போது அவ்வப்போது திக்குகிறது, சைபர்பங்க் 2077 லோ செட்டிங்கில்கூட ஒழுங்காக ஓடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கார்டு என்று கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இந்தப் பழைய மெஷினில் 25,000 ரூபாய் போட்டால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா, இல்லை பணம் தண்டமா?

பல வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் எனக்குத் தொழில். கார்டு மாற்ற வருபவர்களில் பாதிப் பேருக்கு முதலில் மாற்ற வேண்டியது வேறு ஏதாவது ஒன்றாக இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம். 4060 நல்ல கார்டு, ஆனால் இந்த ப்ராசசரை வைத்துக்கொண்டு அதன் முழுப் பலனை எடுக்க முடியாது. உங்களுக்குப் பொருந்துவது ஆர்எக்ஸ் 6600. அது கிடைக்காவிட்டால் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. எதை வாங்கினாலும் எஸ்எம்பிஎஸ், ரேம், எஸ்எஸ்டி இந்த மூன்றுக்கும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் கார்டு.

இதை என் பேச்சை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பைசா செலவில்லாமல் இன்றைக்கே நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இறக்குங்கள், கூடவே வரும் ரிவாட்யூனரையும் இன்ஸ்டால் செய்யுங்கள். இலவசம்தான், எந்த கம்பெனி கார்டிலும் வேலை செய்யும். ஜிபியு (கார்டின் மூளை) பயன்பாடு, கார்டின் மெமரி, ப்ராசசரின் நான்கு கோர்களும் தனித்தனியாக, ரேம், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்), இவ்வளவும் திரையின் ஓரத்தில் தெரிகிற மாதிரி வையுங்கள். கேமுக்குள் வி-சிங்க்கையும் (மானிட்டரின் வேகத்தோடு எஃப்பிஎஸ்ஸைக் கட்டிவைப்பது) எஃப்பிஎஸ் லிமிட்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண்கள் ஏமாற்றும். இப்போது நிறையக் கூட்டமும் சண்டையும் இருக்கும் ஒரு இடத்தில் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. ஜிபியு 60, 70 என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கோர்கள் நான்கும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் தடை ப்ராசசரில். அப்புறம் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி, அதே இடத்தில் மறுபடியும் ஆடுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் புதுக் கார்டு உதவும். ஏறவே இல்லையென்றால், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த கேமில் அதே எண்தான் வரும். கார்டின் வேலையைப் பாதிக்கு மேல் குறைத்த பிறகும் வேகம் கூடவில்லை என்றால், காத்திருக்க வைப்பது கார்டு இல்லை என்பது தெளிவாகிவிடுகிறது.

வேலரன்ட் விஷயத்தில் இந்தச் சோதனை எதைக் காட்டும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். அது பெரும்பாலும் ப்ராசசரை நம்பி ஓடும் கேம், கார்டுக்கு அதில் பெரிய வேலை இல்லை. நீங்கள் சொல்லும் திக்கலுக்கு ஒற்றை 8 ஜிபி ரேம், பின்னணியில் திறந்திருக்கும் க்ரோம், டிஸ்கார்ட், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஹார்ட் டிஸ்க் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சைபர்பங்க் கதை வேறு. 2023-ல் அதன் தயாரிப்பாளர்கள் குறைந்தபட்சத் தேவையை உயர்த்தினார்கள்: ஐ7 6700 ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. இந்த நான்கிலுமே உங்கள் மெஷின் ஒரு படி கீழே இருக்கிறது. கார்டை மட்டும் மாற்றினால் நான்கில் ஒன்றைத்தான் சரி செய்திருப்பீர்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கார்டு மாற்றும்போது மெஷினே போவது பெரும்பாலும் இங்கேதான். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். கீழே ஒரு கட்டம் இருக்கும், அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று வரிசையாக வந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். கார்டும் ப்ராசசரும் கரண்ட் எடுப்பது 12 வோல்ட்டில்தான். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள், 216 வாட். பெயர் என்னவாக இருந்தாலும், உங்களுக்குப் பயன்படும் அளவு அதுதான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் கிட்டத்தட்ட முழு 450-ஐயும் 12 வோல்ட்டிலேயே தரும், அதாவது 35 ஆம்பியருக்கு மேல். சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும். அவற்றை அப்படியே கூட்டிவிடக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு என்று கீழே தனியாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஐ5 7400 65 வாட். ஆர்எக்ஸ் 6600 132 வாட். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 250 வாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. இப்போதிருக்கும் 1050 டிஐ வெறும் 75 வாட் கார்டு, பெரும்பாலான மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், தனி வயர்கூடத் தேவையில்லை. அதனால்தான் அந்த எஸ்எம்பிஎஸ் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. 6600-க்கு 8 பின் கனெக்டர் வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே இல்லையென்றால், அந்த அளவு கார்டுக்காக அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். அப்போது கடையில் சாட்டா கனெக்டரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒரு சின்ன அடாப்டரைக் கொடுத்து, இது போதும் என்பார்கள். வாங்காதீர்கள். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும், 8 பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். அந்த ப்ளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டு வந்த மெஷின்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

உங்கள் எஸ்எம்பிஎஸ் என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்க்காமல் தாங்கும், தாங்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கேபினட்டோடு இலவசமாக வந்தது, எட்டு வருடத்துக்கு மேல் ஓடியது, உள்ளே கெபாசிட்டர்கள் சோர்ந்திருக்கும். நானாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுவேன். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் சான்று பெற்ற, ஐந்து வருட வாரன்டி உள்ள 550 வாட் ஒன்று போதும், நாளைக்குப் புது மெஷின் கட்டினாலும் கூடவே வரும். யுபிஎஸ்ஸையும் ஒரு பார்வை பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான். மெஷின், மானிட்டர் இரண்டையும் சேர்த்தால் எண்ணளவில் உள்ளே வந்துவிடும், ஆனால் பேட்டரி பழசாக இருந்தால் கேம் ஓடும்போது கரண்ட் போனதும் அந்த நொடியே மெஷினும் அணைந்துவிடும்.

சரி, கார்டுக்கு வருவோம். 6500 எக்ஸ்டி-யை ஏன் அவ்வளவு கறாராக மறுக்கிறேன் என்றால், அது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நான்கு லேன்களை (டேட்டா போய்வரும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. நான்காம் தலைமுறை ஸ்லாட்டை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் போர்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை. அதில் லேனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி, நான்கு லேனில் 4 ஜிபி. கார்டின் சொந்த மெமரியும் 4 ஜிபிதான். இன்றைய கேம்களில் அந்த 4 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சர்களுக்காக மெயின் ரேமுக்குப் போய்வர வேண்டும், போய்வரும் பாதையோ குறுகல். பழைய போர்டில் இந்தக் கார்டு வேகம் இழப்பது 2022-ல் அது வெளிவந்தபோதே சோதனைகளில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வீடியோ ரெக்கார்ட் செய்வதற்கான என்கோடரும் அதில் கிடையாது. ஒரே தலைமுறைப் பெயரில் இருந்தாலும் 6600-க்கும் அதற்கும் வெகு தூரம்.

6600-லும், 4060-லும் எட்டு லேன்கள். உங்கள் போர்டில் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும். 8 ஜிபி மெமரிக்குள் அடங்கும்வரை இதனால் வரும் இழப்பு சிறியது, ஆடும்போது கண்ணுக்குத் தெரியாது. மெமரி நிரம்பி வழிந்தால் மட்டும் தெரியும், ஆகவே டெக்ஸ்சர் செட்டிங்கை அல்ட்ராவுக்குத் தள்ளாமல் ஒரு படி கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-ல் பதினாறு லேன்கள், 12 ஜிபி மெமரி. பழைய போர்டுக்கு உண்மையில் அது மிகப் பொருத்தமான கார்டு, ஆனால் 170 வாட் எடுக்கும். 3060-ல் 8 ஜிபி மாடலும் ஒன்று உண்டு, அது மெதுவானது, பெட்டியில் 12 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நண்பர் சொன்ன 4060 வெறும் 115 வாட், டிஎல்எஸ்எஸ், ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே செயற்கை ஃப்ரேம் சேர்ப்பது) எல்லாம் உண்டு. ஆனால் நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) மட்டுமே உள்ள 7400-ல் பல கேம்களில் 6600-க்கும் 4060-க்கும் வரும் எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், இரண்டுமே ப்ராசசருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். டிஎல்எஸ்எஸ் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது கார்டின் சுமையைத்தான் குறைக்கும், ப்ராசசரின் சுமை அப்படியே இருக்கும். இன்னொன்று, டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா (ஆர்டிஎக்ஸ்) டிரைவர் ப்ராசசரிடம் ஏஎம்டி-யின் ரேடியானைவிட (ஆர்எக்ஸ்) கூடுதலாக வேலை வாங்குகிறது, பழைய ப்ராசசர்களில்தான் இது வெளியே தெரியும். ஒரே ஒரு சூழ்நிலையில் நானும் 4060-ஐ வாங்கச் சொல்வேன்: இன்னும் ஒரு வருடத்துக்குள் ப்ராசசர், போர்டு எல்லாவற்றையும் மாற்றப் போகிறீர்கள், கார்டு மட்டும் அதற்குப் போகும் என்பது உறுதியாக இருந்தால்.

புதிய 5060-ம் அந்தக் கணக்கில்தான் வரும், 145 வாட். அது வந்த புதிதில் சில மதர்போர்டுகளில் ரீபூட் ஆகும்போது திரை கறுப்பாகவே நின்றது, அதற்காக என்விடியா ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டே வெளியிட்டது. பழைய போர்டில் போடுவதென்றால், முதலில் போர்டின் பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) கடைசி வெர்ஷனுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இன்டெல் ஆர்க் கார்டுகள் உங்களுக்கு ஆகாது. அவை சரியான வேகத்தில் ஓட ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) வேண்டும், உங்களுடையது போன்ற ஏழாம் தலைமுறை போர்டுகளில் அது அதிகாரபூர்வமாக இல்லை. விலை குறைவு என்று ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பக்கம் மனம் போகலாம். ஆனால் ரே ட்ரேசிங்குக்கான (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஹார்டுவேர் இல்லாத கார்டில் ஓடாத கேம்கள் வர ஆரம்பித்துவிட்டன, 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படிப்பட்டது. 6600-ல் அந்த ஹார்டுவேர் இருக்கிறது, வலுவானது இல்லை என்றாலும் கேம் திறக்கும்.

6600-ஐப் பற்றி ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் கடைசியில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளைத் தனி டிரைவர் கிளைக்கு மாற்றியது. ஆதரவை நிறுத்தப் போகிறார்கள் என்று பெரிய சத்தம் கிளம்பியதும், புது கேம்களுக்கான ஆதரவும் பிழைத்திருத்தமும் தொடரும் என்று விளக்கம் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு, மூன்று வருடம் கழித்து அந்த வாக்கு எந்த அளவுக்கு நிற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது உங்களை உறுத்தினால் 3060 பக்கம் போங்கள். உங்கள் 1050 டிஐ-க்கோ கேள்வியே இல்லை, அது சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கான கேம் ரெடி (புது கேம்களுக்கான) டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால், சென்னையில் ரிச்சி தெருவோ ஆன்லைனோ, கார்டு ஓடுவதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை எடுக்கும் மைனிங் முடிவுக்கு வந்தபோது அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன, அவை இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கெட்டுப்போயிருக்கும் என்றில்லை. ஃபேனும் மெமரியும்தான் அடிவாங்கியிருக்கும். ஜிபியு-இசட் என்ற சின்ன சாஃப்ட்வேரைத் திறந்து ஷேடர் (கார்டின் கணக்கீட்டு அலகு) எண்ணிக்கையையும் மெமரியையும் பாருங்கள். பயாஸை மாற்றிப் பெயரை ஏமாற்றிய கார்டு என்றால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே பெரும்பாலும் காட்டிவிடும். 6600 என்றால் ஷேடர் 1792 இருக்க வேண்டும். பிறகு ஒரு கனமான கேமையோ பெஞ்ச்மார்க்கையோ அரை மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள் வந்தால் மெமரி போய்விட்டது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பின்பக்கம் ஸ்க்ரூக்களைப் பாருங்கள், தலை தேய்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். சீரியல் ஸ்டிக்கர் முழுதாக இருக்கிறதா, அந்த எண்ணுக்கு இந்தியாவில் வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

கார்டுக்குப் பிறகு பணம் மிஞ்சினால், அதே எச்110 போர்டில் ஐ7 7700 போடலாம். நான்கு கோர்தான், ஆனால் எட்டு த்ரெட், அதே 65 வாட். 7400 ஓடும் போர்டில் இதற்கு பயாஸ் சிக்கல் வராது. புதிதாகக் கிடைக்காது, கழற்றிய ப்ராசசராகத்தான் கிடைக்கும். ப்ராசசர்கள் சுலபத்தில் கெடுவதில்லை என்பதால் செகண்ட் ஹேண்டில் பயமில்லாமல் வாங்கக்கூடிய பாகம் அது ஒன்றுதான். சைபர்பங்க்கில் திக்கலைக் குறைப்பதில் 6600-லிருந்து 4060-க்குத் தாவுவதைவிட இந்த மாற்றம் அதிகம் உதவும். ரேமுக்கு, இருப்பதைப் போலவே இன்னொரு 8 ஜிபி 2400 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிக் போதும். 16 ஜிபி ஆவதோடு இரட்டைச் சேனலிலும் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில்) ஓடும், அந்த இரண்டாவது பலன் ப்ராசசருக்கு நேரடியாகப் போகும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது, ஆகவே இதையும் செகண்ட் ஹேண்டில் தேடுவதில் தப்பில்லை.

உங்கள் மானிட்டரில் என்ன போர்ட் இருக்கிறது என்று எழுதவில்லை. பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் மட்டும் இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், புதுக் கார்டுகளில் எச்டிஎம்ஐ-யும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான் வரும், மாற்றுவதற்குச் சிப் உள்ள கன்வர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். கேபினட்டில் ஸ்லாட் இருக்கும் இடத்திலிருந்து முன்பக்க ஹார்ட் டிஸ்க் கூடு வரை அளந்து வையுங்கள். இரண்டு ஃபேன் மாடல்கள் பெரும்பாலும் எல்லா கேபினட்டிலும் அடங்கும், மூன்று ஃபேன் மாடல்கள் 30 சென்டிமீட்டர் வரை போகும்.

எஸ்எம்பிஎஸ், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் முதலில் போட்டு, பழைய 1050 டிஐ-யோடேயே ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். வேலரன்ட் திக்கல் அப்போதே போய்விட்டால், கார்டு விலை இறங்கும்வரை அவசரமில்லாமல் காத்திருக்கலாம். கார்டு வந்ததும் பழைய டிரைவரை முழுக்க நீக்கிவிட்டுப் போடுங்கள், மானிட்டர் வயரை போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தைப் பார்த்தால் 6600-க்கு எக்ஸ்8 3.0 என்று காட்ட வேண்டும். எக்ஸ்4 என்றோ 1.1 என்றோ நின்றால் கார்டைக் கழற்றி ஸ்லாட்டைத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள், அப்படியும் மாறாவிட்டால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் கடைக்கு எடுத்துப் போய்விடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் மதர்போர்டு மாடல் பெயரையும் போட்டோ எடுத்துப் போட்டால், மேலே பொதுவாகச் சொன்னதை உங்கள் மெஷினுக்கென்று சரிபார்த்துச் சொல்கிறேன்.